அண்ணி பெயர் இல்லாத பேனர்

அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தது நான்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கடையில் எனக்கு வேலை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. போனில் வீடியோ பார்த்துப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, சாவு பேனருக்கென்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். போட்டோவையும் பெயர்களையும் கொடுத்தால் அதுவே அடுக்கிக் கொடுத்துவிடும். யார் யார் வீட்டுச் சாவையோ அதில் போட்டிருக்கிறேன். லாரி மோதி அண்ணன் போனபோது எங்கள் வீட்டுச் சாவையும் போட்டேன்.

பேனரின் அடியில் துயரப்படும் குடும்பத்தார் பெயர்கள் வரும். அண்ணியை முதலில் போட்டேன். அண்ணன் வேறு சாதியில் கட்டிக்கொண்டு வேங்கிக்காலில் தனியாக இருந்தவன். அடி அண்ணாமலையிலிருந்து பெரியப்பா கடைக்கே வந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பேர யாரு போடச் சொன்னது? எடு."

"அண்ணி, பெரியப்பா. அவங்க பேர் இல்லாம எப்படி?"

"பௌர்ணமிக்கு ஊரே மலையச் சுத்தி நம்ம முனை வழியாத்தான் வருது. நின்னு படிச்சிட்டுச் சிரிக்கணுமா? எடும்மா."

எடுத்தேன். ஆனால் அண்ணி வீட்டில் மாட்டிக்கொள்ள, அவர் பெயரோடு தனியாக ஒன்று அடிக்கலாம் என்று, எடுப்பதற்கு முன்பே அந்த லிஸ்டை இன்னொரு பெயரில் வைத்திருந்தேன். காப்பி எடுத்துவிட்டதாக நினைப்பு. பைத்தானில் லிஸ்ட் அப்படி இல்லை. இரண்டு பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே ஒன்றுதான். இதில் அழித்தால் அதிலும் போய்விடும். அழுதுகொண்டே வேலை செய்தவள் சரிபார்க்கவில்லை. அந்தத் தனி பேனரை அப்படியே அடித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் கொடுத்தேன்.

அண்ணி தரையில் விரித்துப் படித்தார்.

"இதுலயும் நான் இல்லயே பாப்பா. எனக்குக் குடுக்கறதுல கூடவா?"

லிஸ்ட், காப்பி என்று ஏதேதோ சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் போய் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

காரியத்துக்கு இன்னொரு பேனர் வேண்டியிருந்தது. இந்த முறை பெயர்களை டியூபிளில் போட்டேன். அதுவும் லிஸ்ட் மாதிரிதான், ஆனால் எழுதினால் எழுதினதுதான். அதற்குள் எதையும் சேர்க்கவும் முடியாது, அதிலிருந்து எதையும் எடுக்கவும் முடியாது. முதல் பெயர் அண்ணி, பக்கத்திலேயே 'மனைவி' என்று. பெரியப்பா போன் செய்தார்.

"அந்தப் பேரு போயிடுச்சுல்ல?"

"இல்ல பெரியப்பா. இதுல எடுக்க முடியாது. புரோகிராம் ஒத்துக்காது."

"புரோகிராமா, உன் திமிரா?"

"ரெண்டும்னே வெச்சுக்கங்க."

போனை வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒருநாள்தான். சாயங்காலம் நானே போய் அடி அண்ணாமலை முனையில் கம்பி போட்டுக் கட்டிவிட்டு, அண்ணிக்குப் போன் செய்தேன்.

"காரியத்துக்கு வாங்க அண்ணி. உங்க பேரு இருக்குது. வந்து பாருங்க."

மறுநாள் காரியத்தன்று காலையில் இரண்டு பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். முனையில் வேறு பேனர் தொங்கியது. அதே போட்டோ, வேறு கடை வேலை. பெரியப்பா பெயர் முதலில் இருந்தது. அண்ணி பெயர் எங்கேயும் இல்லை. என்னுடையது கட்டிய இடத்திலேயே இருந்தது, இதற்கு அடியில் மறைந்து.

என் டியூபிளை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. மாற்ற முடியாது என்றால் பிடிக்காத பெயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான். புரோகிராமிலும் அப்படித்தான் செய்வார்கள், எனக்கும் தெரியும். பெரியப்பா நாசமாய்ப் போகட்டும் என்று அங்கேயே நின்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேலே இருந்த பேனரின் ஓரத்தை அண்ணி விரலால் கொஞ்சம் தூக்கினார்.

"கீழ என் பேரு இருக்குதா?"

"இருக்குது அண்ணி."

"இருந்து இன்னா பண்ண?"

விரலை எடுத்துவிட்டார். காரியத்துக்குப் போட்ட பந்தல் அங்கிருந்தே தெரிந்தது. ஐயர் வந்துவிட்டார், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வேங்கிக்காலுக்கு ஆட்டோ எங்க நிக்கும் பாப்பா?" என்று கேட்டார்.