மூன்று மாத வேலைக்கு ஐந்து நேர்காணல்

மூன்று மாத ஒப்பந்த வேலை ஒன்றுக்காக ஒரு பெண்ணை ஐந்து முறை நேர்காணலுக்கு வரவழைத்தேன். ஐந்தாவது முறை அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தபோது, அந்த வேலையை இன்னொருவருக்குக் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. கொடுத்தவன் நான். தெரிந்தேதான் அழைத்தேன்.

மாசாய் நகருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது மனிதவள மேலாளராக இருந்தேன். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. ஸ்டோரில் இருந்த பெண் பிரசவ விடுப்பில் போனார். அவர் திரும்பும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர், வேண்டும். வருகிற சரக்கைச் சீட்டோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றுவதும், கேட்கிற பகுதிக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. இதற்கு ஆள் பார்க்க அரைமணி நேரம் போதும் என்பது எனக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களை யார்டில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னவன் நான்.

இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஐந்து? அவர் தமிழர். நானும் தமிழன்.

அதற்கு முந்தைய வருடம் அடுத்தடுத்து மூன்று தமிழர்களை வேலைக்கு எடுத்திருந்தேன். மூவரும் நன்றாக வேலை செய்தார்கள். ஒரு நாள் கேண்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு போகும்போது, பின்மேசையில் ஒருவர் மலாயில் சொன்னது காதில் விழுந்தது. மனிதவளப் பிரிவுக்குள் போவதென்றால் இனி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், அது கோயிலாகிவிட்டது என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அன்று முதல் தமிழ்ப் பெயர் போட்ட விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். தமிழராக இருந்தால் நான் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, இன்னும் இரண்டு மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதற்கு நடுநிலைமை என்று பெயரும் வைத்தேன். மற்றவர்களுக்கு அந்த விதி கிடையாது.

அவர் காஹாங்கிலிருந்து வந்தார். காஹாங்கிலிருந்து குளுவாங், அங்கிருந்து லார்கின், லார்கினிலிருந்து மாசாய் என்று மூன்று பேருந்து. வயது முப்பத்தைந்து இருக்கும். குளுவாங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆறு வருடமாகக் கிராணி. ஆணி முதல் தண்ணீர்த் தொட்டி வரை இருப்புக் கணக்கு அவர் கையில். எங்கள் வேலைக்கு அதைவிடப் பொருத்தம் வேண்டியதில்லை. அவருடைய கணவர் மாசாயில் கண்டெய்னர் யார்டில் வேலை செய்துகொண்டு, நண்பர்களோடு ஃபிளாட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவார். மாசாய்ப் பக்கம் இவருக்கும் ஒரு வேலை கிடைத்தால் வீடு எடுத்து மூவரும் ஒன்றாக இருக்கலாம், பள்ளி திறக்குமுன் மகளை இங்கே சேர்த்துவிடலாம்.

"மூணு மாசம் போதும் சார். இங்க வந்து உக்காந்துட்டா அடுத்த வேலைய நானே தேடிக்குவேன்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் கொஞ்சம் குழம்பி, "சார் தமிழ்தானே?" என்று கேட்டார். அலுவலகத்தில் ஆங்கிலம்தான் என்றேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இரண்டாவது முறை ஸ்டோர் பகுதித் தலைவர் பார்த்தார். மூன்றாவது முறை கணக்குப் பிரிவு. நான்காவது முறைக்கு நான் அழைத்தபோது, "போன்லயே பேசிக்கலாமா சார்? வீடியோ கால் போட்டாலும் சரி. தவுக்கே மூஞ்சி இப்பவே சரியில்ல" என்று கேட்டார். தவுக்கே என்றது ஹார்ட்வேர் கடை முதலாளியை. பொது மேலாளர் நேரில்தான் பார்ப்பார் என்றேன். பொது மேலாளர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவரிடம் நான்தான் போய், ஒரு முறை பாருங்கள் என்று கேட்டிருந்தேன்.

பொது மேலாளர் அவரை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார், மூன்று நிமிடம் பேசினார். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு மாச வேலைக்கெல்லாம் என்கிட்ட எதுக்குக் கொண்டு வர்றீங்க? நல்லாத்தான் இருக்காங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

எதிலிருந்து தப்பிக்க இத்தனை சுற்றுச் சுற்றினேனோ, அது என் மேசைக்கே திரும்பி வந்தது. நான்கு நாள் அந்தக் கோப்பைத் திறக்காமல் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஸ்டோர் பகுதித் தலைவர், தன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர், தமிழர் அல்ல, அனுபவம் கொஞ்சம் குறைவு. இருபது நிமிடம் பேசினேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகுதான் தணிக்கை நினைவுக்கு வந்தது. நான்கு முறை பார்த்தவரை விட்டுவிட்டு ஒரு முறை பார்த்தவரை எடுத்தது ஏன் என்று கேட்டால்? இருவரையும் ஒரே தாளில் மதிப்பெண் போட்டு ஒப்பிட்ட கடைசிச் சுற்று ஒன்று கோப்பில் இருந்தால் கேள்வி வராது. அந்தத் தாளுக்காக அவரை ஐந்தாவது முறை அழைத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் போல, இஸ்திரி போட்ட அதே நீலச் சுடிதார்.

"எங்க சித்தப்பா ரெண்டு தடவ செத்துட்டாரு சார்" என்றார். "மொத தடவ காய்ச்சல்னு சொன்னேன். அப்புறம் சித்தப்பா செத்துட்டாரு. அப்புறம் கோயில் வேண்டுதல். போன தடவ மறந்துபோயி திரும்பவும் சித்தப்பான்னுட்டேன். தவுக்கே விரல் விட்டு எண்றாரு, ஒனக்கு எத்தன சித்தப்பான்னு."

மதிப்பெண் தாளில் 'தோற்றம்' என்ற கட்டத்தில் எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு என்ன சொன்னீங்க?" முதல் முறையாகத் தமிழில் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். லீவுன்னேன். போனா நாளைக்கு வராதேன்னாரு. சரின்னு வந்துட்டேன்." என் முகத்தையே பார்த்தார். "அஞ்சு தடவ கூப்பிட்டுட்டு இல்லன்னு சொல்ல மாட்டீங்கதானே லா?"

அப்போது சொல்லியிருக்கலாம். உடனே கிளம்பியிருந்தால் கடை மூடுமுன் குளுவாங் போய், தவுக்கேயிடம் கெஞ்சி வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றே கால். "தகவல் சொல்றோம்மா" என்றேன். மதிப்பெண் தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் குறுஞ்செய்தி அனுப்பினேன், ஆங்கிலத்தில். பதில் தமிழில் வந்தது: "கடையிலயும் வர வேணாம்னுட்டாங்க சார். ஒங்ககிட்ட வேற வேல எதாச்சும் இருக்கா?" அதற்கு நான் பதில் எழுதவில்லை.

பள்ளி திறந்தது. பிரசவ விடுப்பில் போன பெண் வேலைக்குத் திரும்பவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். மூன்று மாத வேலை நிரந்தர வேலையானது. அந்த நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுதான் என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. முதலில் ஒரு விதி எழுதினேன்: ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஒப்பந்த வேலைக்கு, யாராக இருந்தாலும், ஒரே ஒரு நேர்காணல். மூன்று நாளில் முடிவு சொல்லிவிட வேண்டும். பொது மேலாளர் படித்துவிட்டு, "எப்பவும் அப்படித்தானே செய்றோம்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு குளுவாங் போனேன். ஹார்ட்வேர் கடையைக் கண்டுபிடித்து, தவுக்கேயிடம் நான் யார் என்று சொன்னேன். அந்தப் பெண் மேல் குற்றமில்லை, நேர்காணல் என்று ஐந்து முறை அலைக்கழித்தவன் நான்தான், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் கேட்டுக்கொண்டேன். கிழவர் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

"அப்ப சித்தப்பா சாகலையா?" என்றார்.

கல்லாவை மூடிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"போன வாரம் வந்து அழுதுச்சு. வீட்ல அடுத்தடுத்து சாவுன்னு நெனச்சுப் பாவப்பட்டு, ஒண்ணாந்தேதி வான்னு சொன்னேன். வேற வேல தேடத்தான் பொய் சொல்லிட்டுப் போச்சா?" பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவை நேராக்கி வைத்தார். "இனிமே வர வேணாம்."

எவ்வளவு பேசியும் அவர் அசையவில்லை. அங்கிருந்து காஹாங் வரை செம்பனைக் காட்டுக்கு நடுவே வண்டி ஓட்டியது முழுவதும் நினைவிருக்கிறது. ஒரு வார்த்தையைக்கூடத் தயார் செய்ய முடியவில்லை.

அவர் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேண்டீனில் கேட்ட சிரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர், மதிப்பெண் தாள், தவுக்கே. கடைசியில் சொன்னதுதான் அவரைச் சுட்டது.

"ஒங்கள யாரு அங்க போகச் சொன்னா?" ஈரத்துணியை வாளியில் திரும்பப் போட்டார். "ஒண்ணாந்தேதி நான் வேலைக்குப் போயிருப்பேன் சார். ஒங்க மனசு ஆறணும்னு போயி எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துட்டீங்களா?"

வாளியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நீங்க ஆங்கிலத்துல பேசினப்பவே புரிஞ்சிக்கிட்டிருக்கணும். என் மேலதான் தப்பு."

"இல்லம்மா, தப்பு என் மேல."

"அத எழுதிக் குடுங்க." உள்ளே போய் மகளின் பள்ளி நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்தார். "இத்தன தடவ இன்டர்வியூக்குக் கூப்பிட்டது நீங்க, வேல குடுக்காதது என் தகுதிக்காக இல்லன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு ஒங்க பதவியும் போடுங்க. எங்கயாச்சும் ஏன் கடைய விட்டேன்னு கேட்டா காட்ட வேணாமா?"

பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் தயங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காகிதம் நிறுவனத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அப்போதும் கணக்குப் போட்டேன். அவர் அதைக் கவனித்தார். கார் முகப்பின் மேல் நோட்டை வைத்து எழுதினேன். வாங்கிப் படித்தவர், ஒரு வரியைக் காட்டி, "சித்தப்பா கத வேணாம், அடிச்சிடுங்க" என்றார். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "தம்போய்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல சேந்துட்டேன். மாசாய்ல வீடு எடுத்தாச்சு. ஒரு தடவதான் கூப்பிட்டாங்க. லெட்டர் காட்டல."

மகிழ்ச்சி அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன், தமிழில். படித்ததற்கு அடையாளமாக நீல டிக் குறிகள் விழுந்தன. இன்றுவரை பதில் இல்லை.