பீரோவில் கிடந்த ஸ்விஸ் வாட்ச்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். திருவொற்றியூரில், நாங்கள் இப்போதும் குடியிருக்கும் இதே வாடகை வீட்டில் நடந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறியது, கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். காலையில் அவரைத் துடைத்து, ஊட்டிவிட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடி, நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு வந்தால் மறுபடி துடைக்க வேண்டும். தலை வாரக்கூட அலுப்பாக இருக்கும். பிசியோதெரபிக்குக் கையில் காசில்லை.

பீரோவில் மாமனாரின் பழைய ஸ்விஸ் வாட்ச் இருந்தது. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். அவருக்குப் பிறகு என் கணவர் கட்டியது. கை விழுந்ததிலிருந்து அதுவும் நின்றுபோனது. பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள் என்று கூட வேலை செய்யும் பெண் சொல்லி, போட்டோ எடுத்து அவளே போனில் விற்பனைக்குப் போட்டாள். அப்புறம் ஓயாத கேள்விகள். டயல் பழசுதானா, பெயின்ட் அடித்ததா, மூடியைத் திறந்து மெஷினைக் காட்ட முடியுமா? பஸ்ஸில் தொங்கிக்கொண்டே தெரிந்ததைச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பாய் நேரில் வந்தார். இரும்புக்கடைக்காரர். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். ஓடியது. முகம் மலர்ந்து, நான் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது.

கிளம்பும்போது, "இத்த யாரும்மா கட்டிகினு இருந்தது?" என்று கேட்டார். கட்டிலைக் காட்டினேன். அவர் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்தே, எட்துகினு போவட்டா?"

"அவரால பேச முடியாது பாய். நீங்க எட்துகினு போங்க" என்றேன்.

"இரும்மா. அவரு கையில கெடந்த பொருளு. அவரு சொல்லட்டும்."

காத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவர் வாயைக் கோணி, திணறி, கடைசியில் சொன்னார்: "வே...ணாம்."

பாய் வாட்சை அவருடைய இடது கையில் கட்டிவிட்டு, "ஷோக்கா கீது" என்று சொல்லி எழுந்துவிட்டார். வாசல் வரை ஓடிக் கெஞ்சினேன். முடியாதென்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்து கத்தினேன். "உனக்கு வைத்தியம் பாக்கத்தான்யா விக்கிறேன்!" அவர் கண் கலங்கினார். ஆனால் கழற்ற விடவில்லை. கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் படுத்ததிலிருந்து யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. பசிக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை; ஊட்டினேன், அவ்வளவுதான்.

ஓவர்டைம் பார்த்துத்தான் பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்தேன். இன்னும் பார்க்கிறேன். வலது கை இன்னும் சரியாகவில்லை. இப்போதெல்லாம் எதையும் அவரைக் கேட்டுத்தான் செய்கிறேன். பாதிக்கு மேல் "வேணாம்" என்கிறார். உப்புமா என்றால் எப்போதுமே. சில நாள் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். என் அலுப்பு குறைந்தபாடில்லை. ஆனால், அதுவரை இந்த வீட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருந்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.