மூக்கு ஒழுகாத பிள்ளை

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிய நாள் முதல் வீடெங்கும் வார்னிஷ் வாசனை அடித்தது. வெயில் ஏற ஏற அது புழுங்கி, கடற்காற்றின் உப்போடும் அடுப்படியின் கருவாட்டு மணத்தோடும் கலந்து, சோற்றில் கை வைக்கும்போதுகூட மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அதிக நாள் ஆகாத காலம் அது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கட்டில், அலமாரி, கண்ணாடி எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஒரு காலொடிந்த நாற்காலியைக்கூட "தொரை வூட்டு சாமான்" என்று சொல்லிவிட்டால் போதும், ஊரே போட்டி போட்டுக்கொண்டு வாங்கும்.

படத்தைக் கொண்டுவந்தவர் ஏலத் தரகர் கைலாசம். கழுத்தில் டை, காலில் செருப்பு, வாயில் வெற்றிலை. படத்தில் நாலைந்து வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சன்னலோரம் நிற்கிறான். வெளியே பனி கொட்டுகிறது. கையில் காய்ந்த ரொட்டித் துண்டு, காலடியில் நனைந்த நாய்க்குட்டி, கன்னத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். சுற்றிலும் தங்கப் பூச்சுச் சட்டம். "தொட்டுப் பாருங்க முசியே, கையால போட்ட எண்ணெய்ப் படம். பெத்த புள்ளைய எதுர்ல ஒக்காரவெச்சு ஒரு மதாம் எழுதினது. கப்பல் ஏறும்போது அழுதுகிட்டே எங்கையில குடுத்துட்டுப் போனாங்க. பாரீசுல இதுமாதிரி படத்துக்கு மண்டபமே கட்டி வெச்சிருக்கான்" என்றார் கைலாசம். அப்பா தொட்டுப் பார்த்தார். தூரிகை போன வரிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அம்மா படத்தை ஒருமுறைதான் பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ, பாவம்" என்று முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டார். அப்புறம் என்ன, படம் எங்களுடையதாகிவிட்டது.

எனக்கு மட்டும் அவனைக் கண்டாலே ஆகவில்லை. எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டிலும் மூன்று வயதில் ஒரு தம்பி இருந்தான். அவன் அழுது அழுது எனக்கு அழுகையைப் பற்றி எல்லாம் தெரியும். கண்ணீருக்கு முன்னால் வருவது மூக்கு. அது உதடு வரை இறங்கும், அதை நாக்கு தேடும், முகம் கோணி, தலைமுடி நெற்றியில் ஒட்டும். இந்தப் பையனுக்கோ தலை வாரியது வாரியபடி இருந்தது, மூக்கு துடைத்த கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. யாரோ அவனை நிறுத்திவைத்து, அழுவதுபோல் இருடா என்று சொல்லி, ஒரு சொட்டு நீரைக் கன்னத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இதைச் சொன்னதற்கு அம்மா, "இவ ஒருத்தி, போலீசு! சாமி நேர்ல வந்தாலும் சாட்சி கேப்பா" என்றார். அப்பா, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று முடித்துவிட்டார். கற்பூரமாக இருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும், இது வார்னிஷ்தானே.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை என்று இப்போது தோன்றுகிறது. "மேரி" என்று நாங்கள் சொல்லும் நகரசபை அலுவலகத்தில் அவர் எழுத்தராக இருந்தார். பிரெஞ்சில் அழகாக எழுதுவார், ஆங்கிலம் சுத்தமாக வராது. புதிதாக வந்த அதிகாரிகள் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கு விழித்துவிட்டு வீடு திரும்புகிற மனிதருக்கு, போன துரைமாரோடு தனக்கு ஒட்டுறவு இருந்ததென்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அதனால் படம் வந்து ஒரு மாதத்துக்குள் கைலாசம் கதையிலிருந்து காணாமல் போனார். வருகிறவர்களிடம் அப்பா, "ஜட்ஜ் வூட்டு மதாம் எங்கையில குடுத்தாங்க" என்றே சொல்ல ஆரம்பித்தார். கடைச் சரக்கென்றால் காசிருக்கிற எவனும் வாங்கலாம். மதாம் அழுதுகொண்டே கொடுத்தது என்றால் அது வேறு கௌரவம் அல்லவா? நாளாக ஆக அப்பாவே அதை நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டையில் என் வகுப்புத் தோழியின் வீட்டுக்கு ஒருநாள் போனேன். அங்கே கூடத்தில் அதே பையன், அதே நாய்க்குட்டி, அதே கன்னத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. "டாக்டர் வூட்டு மதாம் போகும்போது குடுத்தது" என்று தோழியின் அம்மா பெருமையாகச் சொன்னார். மூச்சிரைக்க ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அங்க இருக்கறது நகலு. அசலு நம்மகிட்ட இருக்கு" என்றார்.

அந்த வருஷம்தான் எங்களில் மூத்தவளான தனம் அக்காவுக்கு வரன் வந்தது. அக்கா பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பை முடித்து, ஆசிரியை வேலைக்குப் போகவேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தாள். வந்ததோ "சொல்தா" வீட்டு வரன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; மாப்பிள்ளையின் அப்பா சைகோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பையனும் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தான். தாலி ஏறியதும் பெண் கப்பல் ஏறவேண்டும். பையனை அக்கா புகைப்படத்தில்தான் பார்த்திருந்தாள். அவள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் சன்னலுக்கு வெளியே கொட்டுகிற பனியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இந்தப் பனியில போயி நான் யாருகிட்டடி பேசுவேன்?" என்று என்னிடம் கேட்டாள். அம்மாவிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். "ஊர்ல யாரும் போவலியா? போனா பழகிடும்" என்றார் அம்மா.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அம்மா படத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே வழக்கம்போல அந்தப் பையனுக்காகக் கண் கலங்கினார். சாயங்காலம் அடுப்படியில் புடவை கட்டி நின்ற அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். மூக்கு சிவந்து, ஒழுகி, முகம் வீங்கி, பார்க்க நன்றாகவே இல்லை. அம்மா ஒரு துண்டை எடுத்து அவள் கையில் திணித்து, "மூக்க சிந்திட்டு மொகத்தக் கழுவு. வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றார். சுவரில் இருக்கிற பொய்க்கு ஒரு கண்ணீர், பெற்ற பெண்ணுக்கு ஒரு துண்டா? அப்போது எழுந்துபோய் அந்தப் பையனைச் சட்டத்தோடு பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

ஆள் தள்ளிக்கொண்டு ஓடும் "புஷ்வண்டி"யில் அவர்கள் வந்து இறங்கினார்கள். கோட்டில் பதக்கம் குத்திய சொல்தா, பட்டுப்புடவையில் அவர் மனைவி. கூடத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பார்த்த கண் அங்கேயே நின்றது. மெய்மறந்து பார்க்கிறார் என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. ஜட்ஜ் வீட்டு மதாம் பெற்ற பிள்ளையை எதிரே வைத்து எழுதியது, கப்பலேறும்போது அழுதுகொண்டே கொடுத்தது என்று கதை முழுவதையும் அவிழ்த்தார்.

"எந்த மதாம்?" என்றார் அந்த அம்மாள். "எங்க வூட்டுலயும் இதே புள்ள இருக்கு. கேப்டன் வூட்டு மதாம் குடுத்தாங்க. அவங்க பெத்த புள்ளைங்க அது."

சொல்தா மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரு புள்ளைக்கு எத்தினி தாயிங்க இருப்பாங்க?"

அப்பா எனக்குச் சொன்ன பதிலையே, அதே குரலில், சம்பந்தி வீட்டாருக்கும் சொன்னார். "அப்ப உங்க வூட்டுல இருக்கறது நகலா இருக்கும்."

"யாரு வூட்டுதுங்க நகலு?" என்று அந்த அம்மாள் எழுந்தே விட்டார்.

கைலாசம் என்ற ஒரு பெயரை யாராவது சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் காப்பி குடித்திருக்கலாம். அப்பாவுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் கடையில் வாங்கினேன் என்று முதலில் வாய் திறப்பது யார்? எனக்கு அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்து, லேசாக, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பொய் பேசுகிற வூட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று அவர்களும், பொய் பேசுகிற வூட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று அப்பாவும் சொல்லி, வந்த வண்டியிலேயே அவர்கள் திரும்பிப் போனார்கள்.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா படத்துக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, விருந்தாளிகளுக்கென்று செய்த சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் எனக்கும் தம்பிக்கும் கொடுத்துத் தானும் சாப்பிட்டாள். "நீ நல்லா இருக்கணும்டா" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். படத்தை அப்பா கழற்றவில்லை, கழற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அக்கா ஆசிரியை ஆனாள். பிறகு உள்ளூரிலேயே தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு புதுச்சேரியை ஒட்டியே இருக்கும் கதிர்காமத்துக்குப் போனபோது, பிறந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கிப்போன ஒரே சாமான் அந்தப் படம்.

அதற்குப் பின் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! "அக்கா, அச்சடிச்சு மேல தூரிகையால வார்னிஷ் பூசின பொய்யி இது" என்பேன். "இருக்கட்டும்டி போலீசு. அந்த வூட்டுல எனக்காகப் பேசினவன் இவன் ஒருத்தன்தான்" என்பாள். அவன் பேசவில்லை, மற்றவர்களின் பொய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது என்று நான் விளக்கினால் சிரிப்பாள்.

இன்று புஷ்வண்டி இல்லை, ஏலச் சாமான் இல்லை, எங்கள் கூடமும் இடித்து மாடி கட்டியாகிவிட்டது. படங்கள் மட்டும் குறையவில்லை. கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் தனி விளக்குப் போட்டு, இத்தனையாவது பிரதி என்று எண்ணும் கையெழுத்தும் போட்டு, கண்ணில் நீர் நிற்கும் பிள்ளைகளைக் கலை என்று விற்கிறார்கள். மனிதரை அழவைக்க எங்கே தொடவேண்டும் என்று தெரிந்து தொடுகிற கையை நான் எப்போதும் சந்தேகிக்கிறேன்.

போன மழைக்காலத்தில் தனம் அக்கா போய்விட்டாள். கதிர்காமத்து வீட்டில், அந்தப் படத்துக்குக் கீழேதான் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த யாரோ ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "ச்சு, பாவம் அந்தக் கொழந்த" என்றாள். நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, முகம் கோணி, மூக்கு உதடு வரை ஒழுக அழுதுகொண்டிருந்தேன். முந்தானையால் சிந்தித் துடைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். கன்னத்தில் அதே சொட்டு அதே இடத்தில் இருந்தது. மூக்கு சுத்தமாக இருந்தது.