செப்புக்குடத்துத் தண்ணீர்

காலை எட்டு முப்பத்தைந்து. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ராஸ் மீன் மணலிலிருந்து இன்னும் எழவில்லை.

விரல் நீளம்தான் இருக்கும். சிறுத்தைப் புள்ளி போட்ட கடல்மீன். சாயங்காலம் மணலுக்குள் புதைந்து தூங்கும். காலை எட்டரைக்கு மணலை உதறிக்கொண்டு வெளியே வரும். இதற்கு முன் வாங்கிய இரண்டும் தீனி எடுக்காமலே செத்துப்போயின. இதை மட்டும் என் மகள் ஒரு மாதம் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடப் பழக்கியிருந்தாள். பரீட்சைக்காகத் திருச்சி விடுதிக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மீன் எழுந்ததும் தினமும் அவளுக்கு வீடியோ எடுத்து அனுப்புவேன்.

எப்போதும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தைகள் கீழே மல்லாந்து கிடந்தன. பவளங்கள் சுருங்கியிருந்தன. ஒன்பது மணிக்கு மகளின் செய்தி வந்தது: ‘எந்திரிச்சிருச்சாம்மா?’ பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. ‘எந்திரிச்சு சாப்பிட்டுருச்சு’ என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு தொட்டிக்குள் கைவிட்டு மணலைத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு கையால், மீமிசலிலிருந்து எங்களுக்குக் கடல்தண்ணீர் கொண்டுவரும் லோடு ஆட்டோக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அவரும் கடல்மீன் வளர்ப்பவர்தான். மீன் எழவில்லை, நத்தைகள் மல்லாந்து கிடக்கின்றன என்றேன்.

“என்னக்கா ஊத்துனீங்க?”

“ஆவியாகிக் கொறைஞ்ச அளவுக்கு ஆர்.ஓ. தண்ணிதான் தம்பி. பாப்பா சொன்ன மாதிரி.”

“எதுல புடிச்சு வச்சீங்க?”

“செப்புக் கொடத்துல. பிளாஸ்டிக் நல்லதில்லைன்னு... நாங்களும் அதைத்தானே குடிக்கிறோம்?”



“நீங்க குடிங்க. அதுகளுக்குச் செம்பு வெசம்க்கா. எத்தனை நாளா?”

“அஞ்சு நாளா.”

“பாதித் தண்ணிய எறக்குங்க. நான் கேனோட வாரேன். மண்ணை மட்டும் கெளறிராதீங்க, பயத்துலயே செத்துரும்.”

என் கை அப்போதும் முழங்கைவரை உள்ளேதான் இருந்தது.

“கெளறிட்டீங்களா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“ஒரு ஓரம்.”

“மத்த ஓரத்தையாவது விட்டுவைங்க.”

தொட்டிக்குள் விட்ட ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை வாளியில் இறக்கினேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. மீனும் சேர்ந்து வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வாளியையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன். குடத்தைக் கொல்லையில் கவிழ்த்தேன். போன வாரம்தான் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தேன். இன்றுவரை அதை நிமிர்த்த மனம் வரவில்லை. அடிக்கடி தொட்டி மணல் அசைந்தது போலத் தெரியும். கிட்டே போனால் நீரோட்டம். பத்து மணி ஆனது. அவள் வினாத்தாளை வாங்கியிருப்பாள்.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ வந்தது. அவர் நேரே தொட்டிக்கு வந்தார். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் பார்த்துவிட்டு, கேன் கேனாகக் கண்ணாடியோரம் மெல்ல ஊற்றினார். தண்ணீர் தெளியும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கல்லுக்குக் கீழ பாருங்க. மூக்கு தெரியுதா? செவுள் அசையுது. பொழைக்குமான்னு நாளைக்குத்தான் சொல்லமுடியும்.”

நானும் தரையில் உட்கார்ந்து கல்லுக்கடியில் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினார்.

“பரிச்சைக்குள்ள போறதுக்கு முன்னாடி பாப்பா எனக்கு மெசேஜ் போட்டுருக்கு. ‘எங்கம்மா வீடியோ அனுப்பாம வெறும் வார்த்தையா அனுப்பிருக்காங்க, வீட்டுக்குப் போயி என்னன்னு பாருங்க’ன்னு. நான் இன்னும் பதில் போடலக்கா. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிருங்க.”