முதல் சாவு கணக்கில் இல்லை

கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க ஜாலியாக விளையாடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வேலையே, மற்றவர்கள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மெட்ராஸில் லஸ் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. ஆடுகிற நேரத்துக்கு ஏற்றபடி காசு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் மெஷினுக்கு ஆகாது என்று அப்போது எல்லோரும் நம்பினோம். மூன்று மெஷினில் கார் ரேஸும் குத்துச்சண்டையும். நாலாவதில் மட்டும் பழைய ஆட்டம் ஒன்று. பெரிய தேசம், அதில் நீங்கள் ஒரு நாடோடி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். டிப்ளமா முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அந்த வேலை கிடைத்ததே, அந்த ஆட்டம் எனக்குத் தெரியும் என்பதால்தான். படித்த இடத்து மெஷினில் திருட்டுத்தனமாக ஆடியது கைகொடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாமனாருக்கு ஸ்கூட்டர், சித்திக்கு வி.சி.ஆர். என்று யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து நொந்துபோனவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கட்சி.

ஊர் எல்லை

ஆட்டம் ஒரு சின்னக் கிராமத்தில் தொடங்கும். ஊர் கேட்டைத் தாண்டினால் காடு. காட்டில் ஓநாய். முதல் வாரம் வந்த காலேஜ் மாணவர் ஒருவர், "டார்கெட் என்னக்கா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல, சுத்திப் பாருங்க" என்றேன். நேராகக் கேட்டைத் தாண்டினார். திரை கறுத்துவிட்டது. மறுபடி தாண்டினார், மறுபடி கறுத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கார் ரேஸுக்குப் போய்விட்டார். "அங்க முட்டி மோதினாலும் ரோட்லயாவது இருக்கேன். இங்க வாசப்படி தாண்டறதுக்குள்ள போயிடறேன். காசு குடுத்து எதுக்குக்கா இந்த அசிங்கம்?"

அவரைப் போலவே வரிசையாகப் பலர். முதலாளி பாலு சார் அதுவரை வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். ஓடாத கேசட்டை அலமாரியில் வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காது. படியேறும்போதே வாசல் செருப்புகளைப் பார்த்து வியாபாரம் எப்படி என்று கண்டுபிடித்துவிடுவார். நாலாவது மெஷின் காலியாகவே கிடப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள இதுக்கு ஆள் சேரணும். இல்லேன்னா அழிச்சுட்டு கிரிக்கெட் ஆட்டம் போட்டுடுவேன். இந்த ஊர்ல கிரிக்கெட் சொல்லிக்குடுக்கச் சம்பளத்துக்கு ஆள் எதுக்கும்மா?"

செல்வத்தின் சட்டம்

செல்வம் ஊரூர் குப்பத்துக்காரர், அடையாறில் பைக் மெக்கானிக். லீவு நாளில் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல ஓநாய், வழக்கம்போல கறுப்புத் திரை. ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் நேரம் குறிப்பதைப் பார்த்துச் சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னாக்கா, அதுக்குள்ள டைம் போட்டுட்ட? பீச்சுல ஆடறப்பவே ஃபர்ஸ்ட் பால் ட்ரையலு. பந்து எப்டி வருதுன்னு பாக்க வாணாவா?"

எனக்குப் பளிச்சென்றது. பாலு சாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, மெஷினுக்கு மேல் ஒரு அட்டை ஒட்டினேன்: 'முதல் சாவு கணக்கில் இல்லை'. செத்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும். அன்றிலிருந்து ஆட்களின் உட்காரும் தோரணையே மாறியது. அவமானம் போய்விட்டது. வேண்டுமென்றே கேட்டைத் தாண்டி, ஓநாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, சிரித்துக்கொண்டே செத்தார்கள். செத்தவர்கள் திரும்பவும் ஆடினார்கள். எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. செல்வம் அன்றைக்கு எத்தனை தடவை போனாரோ, கிளம்பும்போது முகம் மட்டும் வாடவில்லை. "செத்தா இன்னாக்கா, ஒவ்வொரு வாட்டியும் ஒரு மரம் தாண்டிப் போய்த்தான செத்தேன்?"

படி இறங்கிய பாய்

ரஹீம் பாய்க்குச் சிந்தாதிரிப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. மகனைக் கூட்டிப்போக வந்தவர், மகனை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தில் கிராமத்துக் கொல்லன் ஒரு கத்தி விற்பான். பாய் விலையைப் பார்த்தார், ஒரு 'ச்சு' கொட்டினார், கடையை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன பாய், நகரலையே?" என்றேன். "பொறும்மா, கூப்பிடுவான்" என்றார். ஆட்டத்தில் பொழுது சாய்ந்தது. கொல்லன் விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டான். பாய்க்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் வந்து, அடுத்த ஊருக்குப் போய் அவனுக்குப் போட்டியாக யாராவது கத்தி விற்கிறார்களா என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் கொல்லனை மட்டும் அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. "கஸ்டமர் படி இறங்கும்போது கூப்பிடத் தெரியாதவனுக்கு எதுக்கும்மா கடை?"

வரதராஜன் சாகமாட்டார்

சட்டம் போடும்போது நான் யோசிக்காத ஆள் ஒருவர் இருந்தார். கபாலி கோயில் பக்கம் வீடு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, நாற்பது வயதுக்காரர், பெயர் வரதராஜன். ஆபீஸ் விட்டு வந்து உட்காருவார். கேட் பக்கமே போகமாட்டார். கிராமத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவார். மற்றவர்கள் எண்டர், எண்டர் என்று தட்டித் தள்ளுகிற இங்கிலீஷ் வசனத்தை எல்லாம் உதடு அசையப் படிப்பார். அங்கே ஒரு சின்னக் கோயில் உண்டு. அதைப் பிரதட்சிணமாகத்தான் சுற்றுவார். சாகவே இல்லை. சாகாததால் நேரமும் ஓடவில்லை.

நாட்கணக்கில் இப்படி. பின்னால் செல்வமும் பாயும் காத்திருக்கிறார்கள். "சார், கொஞ்சம் வெளிய போய்ப் பாருங்களேன்" என்று இழுத்தேன். அட்டையைக் காட்டினார். "நீங்கதானேம்மா எழுதி ஒட்டியிருக்கேள்? நான் இன்னும் உயிரோடன்னா இருக்கேன்!" கல்லாவிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாலு சார் எழுந்து வந்தார். "இன்ஷூரன்ஸ்காரர் அவ்வளவு சீக்கிரம் சாவாராம்மா? சனிக்கிழமை நான் கிரிக்கெட் சி.டி.யோட வரேன்."

சனிக்கிழமை

அன்று செல்வம் தன் நண்பர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். நண்பர் சாவதும் எழுவதுமாக இருந்தார். பின்னால் நின்ற வரதராஜனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கம்பளி விக்கறவகிட்டப் பேசினேளா? போறவா வரவா எல்லார்கிட்டயும் என் நாயைப் பார்த்தியான்னு கேக்கறா. ஒருத்தரும் பதில் சொல்லலை, பாவமா இருந்தது. கோயிலுக்குப் பின்னாடிதான் படுத்துண்டிருக்கு. கொண்டுபோய்க் குடுங்கோ, தீப்பந்தம் தருவா. தீயைக் கண்டா ஓநாய் வராது."

எத்தனை மாதமாக ஆடுகிறேன், அந்தப் பெண்ணைத் தாண்டி எண்டர் தட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நண்பர் நாயைக் கொடுத்துப் பந்தத்தை வாங்கிக் காட்டுக்குள் நடந்தார். ஓநாய்கள் விலகி நின்றன. கடையில் ஒரே ஆரவாரம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலு சார் சி.டி.யோடு படியேறி வந்தார். ஆரவாரம் அவரை அசைக்கவில்லை. "இனிமே எல்லாரும் பந்தத்தோட போய் ஒருத்தரும் சாகலேன்னா நான் எப்பம்மா காசு வாங்கறது?" என்றார். நியாயம்தானே? ஆட்டம் அழியப்போகிறது, அதோடு என் வேலையும் போகிறது என்று வரதராஜனிடம் சொல்லிவிட்டேன். "என்னாலயா?" என்றார். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். பிறகு பாலு சார் பக்கம் திரும்பினார். "ஊருக்குள்ள சும்மா விடுங்கோ. நாலு பேர்கிட்டப் பேசிப் பழகட்டும். கேட்டைத் தாண்டினா மீட்டர் போடுங்கோ. முதல் மீட்டர் எனக்கே போடுங்கோ." செல்வத்துக்கு அது போதாதா? "இன்னா சாரு, மெட்ராஸ்லயே மீட்டர் போட்டு ஓடப்போற ஒரே வண்டி இதான்!"

வரதராஜன் உட்கார்ந்தார். பந்தத்தோடு கேட் வரை வந்தவர், அங்கே ஒரு தடவை நின்றார். தாண்டினார். காட்டைக் கடந்து குன்றின் மேல் ஏறியதும் தேசம் முழுவதும் விரிந்தது: வயல், ஆறு, கடல், கடலுக்கு நடுவில் ஒரு தீவு. இத்தனை நாளாக அவர் சுற்றிச் சுற்றி வந்த ஊர் கீழே நாலு கூரையாகத் தெரிந்தது. "அடடா, இவ்வளவு இருக்கா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலு சார் எப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. "கிரிக்கெட்டை வேற மெஷின்ல போட்டுக்கலாம்மா. சார், அந்தத் தீவுல விளக்கு எரியுதே, அங்க எப்படிப் போறது?"

சொல்லிக்கொடுக்கிற வேலையில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: அதை ஒழுங்காகச் செய்து முடித்த நாளிலிருந்து, அந்த மெஷினில் உட்கார எனக்கு மட்டும் இடமே கிடைக்கவில்லை.