முந்திரித் தோப்புக்குப் போட்ட கையெழுத்து

எனக்கு எழுத்து ஓட்டமா வராது. அஞ்சாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. எழுத ஆரம்பிச்சா பாதியில என்ன சொல்ல வந்தேன்னும் மறந்துபோகுது. முன்னே பின்னே இருந்தா கோவிச்சுக்காம படிங்க.

உடையார்பாளையத்துலேருந்து டவுன் பஸ்ஸுல அரை மணி நேரம் எங்க ஊரு. என் தம்பிக்கு ரெண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்துச்சு. அவன் பொண்டாட்டி முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா. அப்புறம் தம்பியும் மாரடைப்புல போயிட்டான். மிச்சம் அவன் மகளும் நானும்தான். நான் அவளுக்கு அத்தை. அவ அப்போ பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. அடுத்து வந்த வைகாசியிலதான் பதினெட்டு முடிய இருந்துச்சு.

பட்டா அவ பேருக்கு மாறுச்சு. எங்க பக்கம் பட்டாவுல யாரு பேரோ அவங்கதான் தோப்புக்காரங்க, கையெழுத்தும் அவங்கதான் போடணும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். வயசை யாரும் கேக்கறதில்ல.

ஐப்பசி மழையில வூட்டுக் கூரை ஒழுகி, புள்ளையோட புஸ்தகமெல்லாம் நனைஞ்சுபோச்சு. முந்திரி யாவாரம் பண்ற அண்ணன் ஒருத்தர் வந்தார். கூடப் பொறந்தவர் இல்ல, ஊர் முறைக்கு அண்ணன். "தோப்பைப் பத்து வருசம் என்கிட்ட விடு தங்கச்சி. கூரைக்கு ஷீட்டு போட்டுத் தரேன். வருசாவருசம் குத்தகையும் வந்துரும்"னார். பத்திரத்தாள்ல எழுதியே கொண்டாந்துட்டார். புள்ள கையெழுத்துப் போட்டுச்சு. அப்புறம் பேனாவை என் பக்கம் நீட்டி, "நீ சாட்சிக்குப் போடு"ன்னார்.

உண்மையைச் சொல்லிடுறேன். அதுவரைக்கும் என்கிட்ட யாரும் கையெழுத்துக் கேட்டதில்ல. ரேஷன் கடையில விரலை வைக்கச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். எனக்குப் பேர் எழுதத் தெரியும்னே ஊருல பாதிப் பேருக்குத் தெரியாது. பேரை அழகா எழுதணுமேங்கிறதுலேயே புத்தி போயிடுச்சு. மேல என்ன இருக்குன்னு படிக்கவே இல்ல.

கூரை போட்டுக் கொடுத்துட்டார், நல்லாவே போட்டார். தை மாசம் மரமெல்லாம் பூத்து நின்னப்போ, ஒரு ஆளு வந்து மரத்துக்கு மரம் சுண்ணாம்பால கோடு போட்டுக்கிட்டிருந்தான். என்னப்பான்னா, "வெட்டுறதுக்கு அடையாளம். தைலமரம் வைக்கப் போறாங்களே, தெரியாதா?"ங்கிறான். ஓடி வந்து பேப்பரோட ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தோம். ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சு, பழைய மரங்களை அகற்றி வேறு மரம் வைக்க முழுச் சம்மதம்னு.

"நீ படிக்கலையா அத்தை?"

"நீ படிக்கலையாடி? பன்னெண்டாவதுங்கிற!"

 அந்தத் தோப்பு போனா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. காய் பொறுக்கி, கொட்டை உடைச்சுத்தான் சாப்பாடு. அவளை மேல படிக்க வைக்கிறதும் அதுலதான்.

அந்த வாரமே புள்ள உதவித்தொகைக்குன்னு கணக்கு தொறக்க பேங்குக்குப் போனா. அவ தனியாப் போட்ட கையெழுத்து செல்லாது, மைனர், பெரியவங்களைக் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழட்டல. "அத்தை, ஒரு பாஸ்புக்குக்கே என் கையெழுத்து ஆகாதாம். தோப்புக்கு மட்டும் எப்படி ஆகும்?"

மறுநாள் ஜெயங்கொண்டம் கோர்ட்டுல, இலவசமா சட்டம் சொல்ற எடத்துக்குப் போனோம். சின்ன வயசு வக்கீலம்மா ஒருத்தங்க பேப்பரைப் பார்த்தாங்க. "பதினெட்டு முடியாத புள்ள போட்ட ஒப்பந்தம் செல்லாதும்மா. ரத்து பண்ணணும்னுகூட இல்ல, இது மொதல்லேருந்தே இல்லாததுதான். பத்து வருசத்துக்கு எழுதிட்டுப் பதியவும் இல்ல, அது வேற கதை"ன்னாங்க.

"அவளுக்குப் பதிலா நான் போட்டிருந்தா?"

"அதுவும் செல்லாது. கோர்ட்டு நியமிச்ச கார்டியனா நீங்க?"

புள்ள கேட்டா, "எனக்குப் பதினெட்டு ஆனதும் இது செல்லுபடி ஆயிடுமா மேடம்?"

"ஆகாது. அப்போ நீயே சரின்னு சொன்னாலும் ஆகாது. வேணும்னா புதுசாத்தான் எழுதணும்." அவங்களே அதை அண்ணன் பேருக்கு ஒரு கடுதாசியா எழுதிக் கொடுத்தாங்க.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரா தோப்புக்குப் போனோம். மெசின் ரம்பம் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு மரம் பூவோட சாஞ்சு கிடக்கு.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சார். "என்ன தங்கச்சி, நல்ல சேலையெல்லாம் எடுத்துக் கட்டியிருக்க, எங்கே கல்யாணம்?"

புள்ளதான் பேசுச்சு. "பெரியப்பா, எனக்கு இன்னும் பதினெட்டு ஆகல. அந்தப் பேப்பர் செல்லாதாம்."

"அடேங்கப்பா! கூரை ஒழுகும்போது பெரிய மனுசி, மரம் வெட்டும்போது பாப்பாவா?"

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கே. என் பக்கம் திரும்பி, "நீதானே சாட்சி? நீ சொல்லு"ன்னார்.

நாலு ஆம்பளைங்க நின்னா எனக்குப் பேச்சு வராது. சாவு வூட்டுலகூட ஓரமாத்தான் அழுவேன். ஆனா சாஞ்ச மரத்துலேருந்து பூ வாசம் வந்துச்சு. என்னவோ வாய் தொறந்துருச்சு. "அண்ணே, புள்ள வயசு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நான்தான் கையில வாங்கினேன். தெரிஞ்சேதான் போட்டேன், அது என் தப்பு. உங்களுக்கும் தெரியும். காதுகுத்துக்குப் பந்தல் போட்டது நீங்கதானே?"

ரம்பக்காரன் மெசினை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தான். புள்ள நீட்டின வக்கீலம்மா கடுதாசியை அண்ணன் ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் கோவமில்லாம, "பட்டா பேருல இருக்கேன்னு வாங்கினேன். எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான் வாங்குறோம்"னார். கடுதாசியை மடிச்சுக்கிட்டே, "அப்ப ஷீட்டு?"

"இந்த வருசக் காய்ப்பை நீங்களே எடுத்துக்கங்க பெரியப்பா"ன்னா புள்ள.

"நீ சொன்னா அதுவும் செல்லாதே பாப்பா!"

ரம்பக்காரன் மொதல்ல சிரிச்சான், அப்புறம் நாங்க எல்லாருமே சிரிச்சுட்டோம். அண்ணன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். பங்குனி, சித்திரையில வந்து காய் எடுத்துக்கிட்டார், எந்தப் பேப்பரும் இல்லாம.

வைகாசியில அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. ரெண்டாம் நாளே அதே பேப்பரோட வந்து நின்னார். "இதுலேயே கீழ ஒரு கையெழுத்துப் போட்டுரு, சரியாப் போயிடும்." இல்ல பெரியப்பான்னுட்டா. புதுசா ஒண்ணு எழுதச் சொன்னா. மரத்தைத் தொடக் கூடாது, அடுத்த காய்ப்பு ஒண்ணுக்கு மட்டும் குத்தகைன்னு அவளே ஒவ்வொரு வரியா சொன்னா. "விவரமாயிட்ட பாப்பா"ன்னு சொல்லிக்கிட்டே அவரும் போட்டார். இப்போ பெரம்பலூர்ல நர்சிங் படிக்கிறா. மரம் எல்லாம் நிக்குது, அந்த ரெண்டைத் தவிர.

வக்கீலம்மா சொன்னதை எனக்கு வெளங்கின மாதிரி எழுதியிருக்கேன். பதினெட்டுக்கு அப்புறமும் பழைய பேப்பர் செல்லாதுன்னு சொன்னாங்களே, அது எல்லாருக்குமா, எங்களுக்கு மட்டுமா, தெரியல. என்னை மாதிரி ஒரு அத்தை இதைப் படிச்சு நம்பிடப் போறா. அதனால சட்டம் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தா திருத்திக் கொடுங்க.