உப்புக் கரித்த சீனி

கணேசன் மாமா போய்விட்டார்.

இன்று காலை போர்ட் பிளேரிலிருந்து தம்பி போன் பண்ணினான். அங்கே டாலிகஞ்ச் வீட்டில் டீ குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நாளைக்கு எடுக்கிறார்கள்.

இங்கே சென்னையில் காலையிலிருந்து மழை. பிளைட் கிளம்புமா கிளம்பாதா என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

சொந்த மாமா இல்லை, அந்தமானில் எங்கள் பக்கத்து வீடு. மெட்ராஸ் போகும் கப்பலில் பேன்ட்ரி வேலை, சாப்பாடு எடுத்துக் கொடுப்பது; ஊருக்கே அவர் ‘பேன்ட்ரி கணேசன்’. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், அம்மாவும் அந்தப் பக்கம்தான். அந்த ஒட்டில் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா.

எழுபதுகளின் நடுவில் நான் மெட்ராஸில் காலேஜ் சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து மெயின்லேண்டுக்குப் படிக்கப் போன முதல் பெண். வீட்டில் போன் கிடையாது. அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, அப்பாவோ பாதி நாள் மரம் வெட்டும் காட்டு கேம்ப்பில்...

அம்மாவுக்கு இருந்ததெல்லாம் ஒரு டால்டா டப்பா.

முறுக்கு, எள்ளுருண்டை, பருப்புப் பொடி, ஓரத்தில் காகிதத்தில் சுற்றிய நெத்திலிக் கருவாட்டு வறுவல். தீவு ஈரத்தில் முறுக்கு நமுத்துப்போகும் என்று மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவாள். கப்பல் தேதி தள்ளிப்போனால் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி சுடுவாள். மாமாதான் ஹாஸ்டல் வாசல் வரை கொண்டுவந்து கொடுப்பார்.

டப்பா திரும்பி வர வேண்டும். அதுவும் வெறும் டப்பாவாக வரக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது ஏதாவது போட்டுத் தருவோமே, அதே சட்டம்தான். நான் கழுவித் துடைத்து ஒரு கை சீனி போட்டு மாமாவிடம் கொடுப்பேன்.

அம்மா அந்தச் சீனியில் டீ போட்டுக் குடிப்பாள். பிள்ளை சாப்பிடுகிறது, நடமாடுகிறது... அடுத்த கப்பல் வரைக்கும் அவளுக்கு அது போதும்.

இரண்டாம் வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. டப்பாவோடு வந்த மாமாவிடம், என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெண்கள் வார்டு, பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது, உள்ளே விடவில்லை. சாயங்காலம் கப்பல் கிளம்ப வேண்டும்.

நான் பிழைப்பேனா என்று தெரியாமலே அவர் கப்பல் ஏறினார்.

பலகாரத்தைப் பேன்ட்ரி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாராம். அவர் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. டப்பாவைக் கழுவி, கப்பல் சீனியை ஒரு கை போட்டு, நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“சிந்தா பண்ணாதீங்கக்கா. பாப்பா டீக்காத்தான் இருக்கு. பரீட்சையாம், அதான் லெட்டர் எழுதல.” தீவில் இந்தி கலந்த பேச்சு: சிந்தா என்றால் கவலை, டீக்கா என்றால் சௌக்கியம்.

என் காமாலையைச் சொல்லி ஹாஸ்டலிலிருந்து போட்ட கடிதம் அடுத்த கப்பலுக்காக மெட்ராஸிலேயே காத்துக் கிடந்தது.

அம்மா டீ போட்டாள். உப்புக் கரித்தது.

கப்பலில் நல்ல தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள், பாத்திரமெல்லாம் கடல் தண்ணீரில் கழுவுவது. மாமா கைப்பழக்கத்தில் டப்பாவையும் அப்படியே கழுவிவிட்டார். அம்மாவும் கப்பலில் வந்து இறங்கியவள்தானே... ஒரு வாயிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இது பிள்ளை கையால் கழுவிய டப்பா இல்லை.

மாமாவிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். தீவுக்கு வந்ததிலிருந்து எங்கேயும் போகாதவள், அடுத்த கப்பலுக்கு பங்க் படுக்கை டிக்கெட் எடுத்து, மடியில் மறுபடி பலகாரம் நிரப்பிய டப்பாவோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போர்ட் பிளேரின் ஹாடோ ஜெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மாமா அவளைப் பார்த்தாராம். வழியெல்லாம் சோறு கொண்டுவந்து வைத்தார், அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கரை தெரிந்ததும் மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

“அக்கா... பாப்பாவ நான் பாக்கல.”

“தெரியும்பா. டீயிலயே தெரிஞ்சு போச்சு. நீ கூட வா, அது போதும்.”

நான் ஹாஸ்டல் வாசல் பெஞ்சில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. அம்மா உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்தவள், வெகுநேரம் விடவே இல்லை.

அவள் அழவில்லை. மாமாதான் கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதார், டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு...

காமாலைப் பத்தியத்தில் நான் அதில் ஒன்றையும் தொடக் கூடாது. மறுபடியும் பேன்ட்ரி ஆட்களுக்குத்தான் யோகம். இந்தத் தடவை மாமாவும் சாப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைக் கொடுத்ததே இல்லை. வெயிலில் நிற்க வைத்து, கண்ணை விரிக்கச் சொல்லிப் பார்ப்பார். ஹாஸ்டல் பெண்கள் அவருக்கு ‘கண் டாக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் பேசியபோதுகூட மாமா அதையேதான் கேட்டார்.

“டீக்கா இருக்கியா பாப்பா? நெஜமா சொல்லு.”

இப்போதுதான் மெசேஜ் வந்தது. பிளைட் கேன்சல்.

என் பங்குக்கும் வாய்க்கரிசி போடச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

போய் வாங்க மாமா.

அம்மாவைப் பார்த்தால், பாப்பா டீக்கா இருக்கு என்று சொல்லுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே.